டோலமைட் கணவாய்களில் வழிகாட்டியோடு சைக்கிள்: போய்வந்தவர்கள் சொல்லும் விவரங்கள்

செல்லா ரோண்டாவைச் சைக்கிளில் சுற்ற என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டவருக்கு, போய்வந்தவர்கள் ஆளுக்கொரு பகுதியாகச் சொல்கிறோம். இத்தாலியின் வடகிழக்கில், டோலமைட் மலைகளுக்குள், செல்லா என்ற பெரும் பாறைத்திட்டைச் சுற்றி வரும் சாலை வட்டம் அது. கொர்வாரா கிராமத்தில் தங்கி வலஞ்சுழியாகச் சுற்றினால் நான்கு கணவாய்கள் வரும்: முதலில் கம்போலோங்கோ (ஏற்றம் 5.8 கி.மீ., சராசரிச் சரிவு 6.1%), அடுத்து போர்தோய் (9.2 கி.மீ., 6.9%), பிறகு செல்லா (5.5 கி.மீ., 7.9%), கடைசியில் கர்தேனா (5.8 கி.மீ., 4.3%). வட்டம் முழுக்க 55 கி.மீ. அளவுதான். ஆனால் ஏற்றம் மட்டும் 1,650 மீட்டரைத் தாண்டும்.

அதனால் பயண ஏற்பாட்டாளரிடம் "ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்டால் ஒன்றும் விளங்காது. "எத்தனை மீட்டர் ஏற்றம்?" என்று கேளுங்கள். மணிக்கு 600 மீட்டர் ஏறக்கூடியவருக்கு இந்த வட்டத்தில் ஏற்றத்துக்கே இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். இறக்கம், காபி, படம் எடுப்பது எல்லாம் அதற்கு மேல். சமவெளியில் 100 கி.மீ. ஓட்டுபவர்கள் 55-ஐப் பார்த்து "அரை நாள் வேலை" என்று நினைத்துவிடுகிறார்கள். மூன்றாவது கணவாயில் கால் ஓய்ந்துபோவது பெரும்பாலும் அவர்களுக்குத்தான்.

அடுத்தது கியர். முன்னால் 50/34 (இரண்டு பல்சக்கரம், 50 பல்லும் 34 பல்லும்), பின்னால் 11-34 காசெட் (11 முதல் 34 பல் வரையிலான பல்சக்கர அடுக்கு) என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 34-க்கு 34 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று, அதாவது சுமார் 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 7.5 கி.மீ. வேகம். இந்த வட்டத்துக்கு வெளியே உள்ள பாஸ்ஸோ ஜாவ் கணவாய் 9.9 கி.மீ. நீளம், சராசரி 9.3%, 29 கொண்டை ஊசி வளைவு. இந்த வேகத்தில் அது ஏறக்குறைய 80 நிமிட வேலை. அதே வேகத்தை 28 பல் காசெட்டில் பிடிக்க நிமிடத்துக்கு 49 சுற்றுதான் வரும். அந்த மெதுவான, கனமான மிதியில் மாட்டிக்கொள்வது முழங்கால். வாடகைக்கடையில் "11-28 போதும், இங்கே எல்லோரும் அதில்தான் ஏறுகிறார்கள்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

*

மேலே சொன்ன வட்டத்தில் வழி தவறும் இடங்கள் இரண்டு. அதை யாராவது முதல்நாள் இரவே வரைபடத்தில் காட்டிவிட்டால் பெரிய உதவி.

போர்தோய் உச்சியிலிருந்து கனசேய் கிராமத்தை நோக்கி இறங்குகிறோம். ஆனால் கனசேய் வரை போகக் கூடாது. சுமார் 1,800 மீட்டர் உயரத்திலேயே செல்லா கணவாய்க்கு வலப்பக்கம் சாலை பிரிகிறது. இறக்க வேகத்தில் அந்தப் பலகையை விட்டுவிட்டால் கிராமம் 1,465 மீட்டரில் இருக்கிறது. முன்னூறு மீட்டருக்கு மேல் திரும்ப ஏற வேண்டும். இரண்டாவது பிரிவும் இதே மாதிரிதான். செல்லாவிலிருந்து இறங்கும்போது செல்வா கிராமத்துக்கு மேலேயே, பிளான் தெ கிரால்பாவில் கர்தேனாவுக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும்.

பெயர்ப் பலகையும் குழப்பும். அந்தப் பள்ளத்தாக்குகளில் இத்தாலியன், ஜெர்மன், லதீன் (அந்த மலைப்பகுதியின் சொந்த மொழி, பழைய இலத்தீன் அல்ல) மூன்றும் புழங்குகின்றன. பாஸ்ஸோ கர்தேனா என்பதும் க்ரோட்னர் யோஹ் என்பதும் ஒரே கணவாய். லா வில்லா, ஷ்டெர்ன், லா இலா மூன்றும் ஒரே கிராமம். ஜிபிஎஸ் கருவி ஒரு பெயரைச் சொல்லும், பலகையில் இன்னொன்று மேலே இருக்கும். நல்ல வழிகாட்டி எப்போதும் கணவாய் உச்சியில் குழுவைச் சேர்த்து, அடுத்த பிரிவு எங்கே என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கவிடுவார். சொல்லவில்லையென்றால் கேட்டு வாங்கிக்கொண்டு இறங்குங்கள்.

*

வாடகை சைக்கிளுக்கு நான் சொல்கிறேன். ஊரிலேயே செய்துகொள்ள வேண்டியது மூன்று அளவுகள். பெடல் தண்டுகள் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை உயரம், சீட்டு மூக்கிலிருந்து ஹேண்டில்பாரின் நடு வரை தூரம், சீட்டு உயரத்துக்கும் ஹேண்டில்பார் உயரத்துக்கும் உள்ள வித்தியாசம். மில்லிமீட்டரில் எழுதி, சைக்கிளைப் பக்கவாட்டில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும், உயர்ந்திருந்தால் பின்பக்கம். முதல்நாள் தெரியாது, மூன்றாம் நாள் கணவாயில் தெரியும்.

சொந்தப் பெடலும் சீட்டும் கொண்டுபோவது நல்லது. பெடல் மாட்டும்போது இடப்பக்க மரை எதிர்த்திசை என்பதை மறந்து முறுக்கி மரையைக் கெடுப்பவர்கள் உண்டு. எந்தப் பக்கமானாலும் ஆலன் கீயின் மேல்முனையைச் சைக்கிளின் முன்பக்கம் நோக்கித் தள்ளினால் இறுகும். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், இல்லையேல் திருப்பித் தரும்போது கழற்ற முடியாது.

கடை வாசலை விட்டு நகர்வதற்கு முன் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, செயினை மிகப் பெரிய பல்லுக்கு ஏற்றிவிட்டுப் பின்னாலிருந்து பாருங்கள். டிரெயிலியர் (பின்னால் செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி) தொங்கும் கொக்கி கொஞ்சம் உள்பக்கம் வளைந்திருந்தால் செயின் அந்தப் பல்லையும் தாண்டி ஆரக்கம்பிக்குள் விழும். வேனில் அடுக்கி ஏற்றி இறக்கும் சைக்கிள்களில் இது சகஜம். சமவெளியில் அந்த கியரையே தொடமாட்டோம் என்பதால் முதல் ஏற்றத்தில்தான் வெளிப்படும். அப்போது டிரெயிலியரும் உடையும், கம்பியும் போகும்.

எந்தக் கைப்பிடி எந்தப் பிரேக் என்பதையும் நின்ற இடத்திலேயே பிடித்துப் பாருங்கள். கடைக்குக் கடை மாறுகிறது. 28 மி.மீ. டயருக்கு, டியூப் போட்டிருந்தால், 70 கிலோ ஆளுக்கு 4.5 முதல் 5 பார் காற்று சரியாக இருக்கும். 7 பார் அடித்துத் தந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். ஈரச்சாலையில் அந்தக் கல்போன்ற டயர் பிடிக்காது.

*

ஏற்றத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். உண்மையில் ஆபத்து இறக்கத்தில்தான். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைப்போம். போர்தோயிலிருந்து அரபா கிராமத்துக்கு 638 மீட்டர் இறங்கும்போது சுமார் 5.3 லட்சம் ஜூல் ஆற்றலை எங்காவது கழித்தாக வேண்டும். ஒன்றரை லிட்டர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. அதைக் கழிக்க இருப்பவை இரண்டு: காற்று, பிரேக். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் பாதிக்கு மேல் காற்றே வாங்கிக்கொள்ளும். பயந்து பிரேக்கை விடாமல் பிடித்து 20-இல் இறங்கினால் காற்றின் பங்கு பத்தில் ஒன்றுதான், மீதியில் பெரும்பகுதி பிரேக்கின் தலையில். மெதுவாக இறங்குபவரின் பிரேக்தான் அதிகம் சூடேறுகிறது என்பது இதனால்தான்.

செய்ய வேண்டியது இது. நேர்ச்சாலையில் நிமிர்ந்து உட்காருங்கள், மார்பே பிரேக் வேலை செய்யும். கைகள் ஹேண்டில்பாரின் கீழ்வளைவில் இருக்கட்டும், இரண்டு விரல் பிரேக் கைப்பிடியில். வளைவுக்கு முன்னால், சைக்கிள் நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் விட்டுவிடுங்கள். பார்வை சக்கரத்தின் முன்னால் அல்ல, வளைவு முடியும் இடத்தில். வெளிப்பக்கக் கால் கீழே, எடை அதன்மேல்.

இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு இன்னொன்று. அங்கே சாலையின் வலப்பக்கம் நம்முடையது. அதனால் வலப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவுதான் குறுகலாக, செங்குத்தாக இருக்கும். வேகத்தோடு போனால் நடுக்கோட்டைத் தாண்டி, எதிரே ஏறிவரும் மோட்டார் சைக்கிளின் முன் நிற்போம். கோடையில் இந்தக் கணவாய்களில் மோட்டார் சைக்கிள்கள் சாரிசாரியாக வரும். ஆகஸ்ட் 15 அங்கே பெருவிடுமுறை, அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். பின்னால் பார்க்க இடத்தோள் வழியாகத் திரும்ப வேண்டும் என்பதையும் ஊரில் வெற்றுச்சாலையில் பழகிக்கொள்ளுங்கள்.

டிஸ்க் பிரேக் கருகிய வாசனை அடித்தாலோ, கைப்பிடி வழக்கத்தைவிட உள்ளே வந்தாலோ, கீச்சென்று கத்தினாலோ ஓரமாக இடம் பார்த்து நின்று ஆறவிடுங்கள். தகட்டைத் தொட்டால் தோல் வெந்துவிடும், தண்ணீர் ஊற்றினால் தகடு வளையும். பிரேக் கட்டையின் தேயும் பகுதி 1 மி.மீ.க்குக் கீழே போனால் அன்று மாலையே மாற்றச் சொல்லுங்கள். புதிய கட்டை போட்ட கையோடு கணவாயில் இறங்கக் கூடாது. கிராமத் தெருவில் மிதமான வேகத்திலிருந்து இருபது முறையாவது பிடித்துவிட்டுப் பழக்க வேண்டும். ரிம் பிரேக்கோடு (சக்கர விளிம்பையே அழுத்திப் பிடிப்பது) கார்பன் சக்கரம் தந்தால் வாங்காதீர்கள். நீண்ட இறக்கத்தில் விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கலாம்.

திடீரென்று ஹேண்டில்பார் உதறினால் இறுக்கிப் பிடிக்காதீர்கள். இரு முழங்காலாலும் சட்டத்தின் மேல்குழாயைக் கவ்வி, எடையைப் பெடலுக்கு மாற்றி, மெல்லப் பின்பிரேக் பிடித்தால் அடங்கும். குளிரில் உடம்பு நடுங்குவதாலும் இந்த உதறல் வரும்.

*

அந்த நடுக்கத்துக்கு மருந்து உச்சியிலேயே இருக்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். பள்ளத்தாக்கில் 24 டிகிரி இருக்கும்போது 2,239 மீட்டர் போர்தோயில் 19, 20 இருக்கலாம். ஆனால் வியர்வையில் நனைந்த சட்டையோடு மணிக்கு 50-இல் இறங்கும்போது அது 20 டிகிரி இல்லை. காற்றுத்தடுப்பு ஜாக்கெட்டை இறங்கத் தொடங்கியபின் அல்ல, உச்சியில் நின்றவுடனே போட வேண்டும். கையுறை முழுவிரல். ஜாக்கெட்டைப் பின்னால் வரும் வேனில் வைத்துவிட்டு, வேன் வேறு கணவாயில் மற்றவர்களுக்காகக் காத்து நிற்பது இந்தப் பயணங்களில் ஓயாமல் நடக்கும் கோளாறு. சட்டைப்பையிலேயே வையுங்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் உச்சிக் கடையில் பழைய செய்தித்தாள் கேட்டு, நான்காக மடித்து நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவே செருகுங்கள். பழைய பந்தய வீரர்களின் வழி, இன்றும் வேலை செய்கிறது.

ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். எட்டு மணிக்குக் கிளம்பி, கடைசிக் கணவாயை இரண்டு மணிக்குள் தாண்டும்படி திட்டம் போட்டால் நிம்மதி. சுரங்கச் சாலை வழியில் இருந்தால் முன்பின் விளக்கோடு ஒளிரும் மேலாடையும் இத்தாலியச் சட்டப்படி கட்டாயம். அவசர எண் 112. காப்பீட்டில் மலை மீட்பும் ஹெலிகாப்டரும் அடங்குமா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள்.

*

அங்கே என்ன சாப்பிடலாம் என்று சைவம் சாப்பிடுபவர்கள் கேட்டிருந்தீர்கள். கனேதெர்லி என்பது ரொட்டி உருண்டை, பெரும்பாலும் உள்ளே ஸ்பெக் என்ற புகையூட்டிய பன்றி இறைச்சி இருக்கும். கீரை அல்லது பாலாடைக்கட்டி போட்டது என்று கேட்டு வாங்குங்கள். பார்லி சூப்பிலும் இறைச்சி உண்டு, பார்த்தால் தெரியாது. கசுன்ட்சியேய் என்ற பூரணப் பாஸ்தாவில் இறைச்சி இருக்காது, ஆனால் மாவில் பெரும்பாலும் முட்டை உண்டு: பீட்ரூட் பூரணம் வைத்து, மேலே வெண்ணெயும் கசகசாவும். சமையலறைகள் பல இடங்களில் இரண்டு, இரண்டரைக்கு மூடிவிடும். கிராம ஊற்றுகளில் குப்பி நிரப்பலாம், "நோன் பொத்தாபிலே" என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது. ஏறும்போது மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், 60 கிராம் மாவுச்சத்து. ஒரு வாழைப்பழம் 25 கிராம்தான் தரும்.

*

மின்சார சைக்கிளில் 500 வாட்-மணி பேட்டரி செல்லா ரோண்டாவுக்குத் தாங்குமா என்ற கேள்விக்கு: தாங்கும், ஆனால் கணக்காக ஓட்டினால். மொத்த எடை 100 கிலோ என்றால் வட்டத்தின் ஏற்றத்துக்கே 456 வாட்-மணி வேலை. பாதியை நீங்கள் மிதித்தால் மோட்டாருக்கு 228. மோட்டாரில் வீணாகும் சூட்டையும் சேர்த்தால் 300 அளவு. உச்ச உதவியிலேயே வைத்து ஏறினால் வட்டம் முடிவதற்குள் பேட்டரி தீரலாம், பிறகு 23 கிலோ சைக்கிளைக் காலால் தள்ள வேண்டியதுதான். போர்தோய் உச்சியில் பேட்டரி பாதிக்குக் கீழே காட்டினால் அங்கேயே மதிய உணவை வைத்துக்கொண்டு சார்ஜ் போடுங்கள். சார்ஜரை வேனில் எந்தப் பையில் வைத்தார்கள் என்று காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.