நாக்-ஆன்: ‘முன்தட்டல்’ சரிப்படுமா?

அனைவருக்கும் வணக்கம்.

தமிழில் நாம் சேர்த்துவரும் ரக்பிச் சொற்பட்டியலில் நாக்-ஆன் (knock-on) மட்டும் முடிவுக்கு வராமல் இழுத்துக்கொண்டே போகிறது. இதுவரை வந்தவை மூன்று: கைநழுவல், எதிர்த்தட்டு, முன்தட்டல். என் ஓட்டு முன்தட்டலுக்கு. காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

விதி என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஆட்டக்காரர் பந்தைப் பிடி தவறவிட்டு அது முன்னே போகலாம். அவரே கையால் தட்டி முன்னே போகலாம். பந்தே வந்து கையில் பட்டு முன்னே போகலாம். மூன்றில் எதுவானாலும், அவர் திரும்பப் பிடிப்பதற்குள் பந்து தரையிலோ இன்னொருவர் மேலோ பட்டுவிட்டால் அது நாக்-ஆன். நெஞ்சிலோ தொடையிலோ பட்டுப் போனால் குற்றமில்லை. தெரியாமல் நடந்தால் எதிரணிக்கு ஸ்க்ரம் (இரு அணியினரும் பின்னி நின்று தள்ளிப் பந்துக்குப் போட்டியிடும் மறுதொடக்கம்). வேண்டுமென்றே செய்தால் பெனால்டி, பல சமயம் மஞ்சள் அட்டையும் உண்டு. ஆக, தவறிப் போனதற்கும் தெரிந்தே தட்டியதற்கும் பெயர் ஒன்றுதான், தண்டனைதான் வேறு.

‘கைநழுவல்’ அடிபடுவது இங்கேதான். 2023 உலகக் கோப்பை இறுதியாட்டத்தையே எடுத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்கா 12, நியூசிலாந்து 11. அந்த ஆட்டம் என்றாலே எல்லோரும் சாம் கேனின் சிவப்பு அட்டையைத்தான் பேசுகிறார்கள். நமக்கு வேண்டியது வேறு இரண்டு இடங்கள். இரண்டாம் பாதியில் நியூசிலாந்தின் ஆரன் ஸ்மித் எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தார், அதுதான் ட்ரை. அதற்குச் சற்று முன்னால் நடந்த லைன்-அவுட்டில் (வெளியே போன பந்தை இரு அணி வரிசைகளுக்கும் நடுவே எறிவது) அதே அணியின் ஆர்டி சவேயாவின் கையிலிருந்து பந்து முன்னே போயிருந்தது என்று காணொளி நடுவர் டாம் ஃபோலி சொல்ல, அந்த ட்ரை பறிபோனது. பிறகு 73ஆம் நிமிடத்தில் நியூசிலாந்து வீசிய பந்தை நடுவில் புகுந்து தட்டிவிட்டார் தென்னாப்பிரிக்காவின் செஸ்லின் கோல்பி. பெனால்டி, மஞ்சள் அட்டை. சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாரே, அந்தக் காட்சி பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பெனால்டியை ஜோர்டி பாரெட் தவறவிட்டதால்தான் கோல்பி பிழைத்தார்.

சவேயா செய்ததும் நாக்-ஆன், கோல்பி செய்ததும் நாக்-ஆன். சவேயாவுக்குக் கைநழுவல் பொருந்தும். கோல்பிக்கு? ‘வேண்டுமென்றே கைநழுவவிட்டார்’ என்றால் கேட்பவர் சிரிப்பார். நழுவுவது தானாக நடப்பது. அதோடு ‘வேண்டுமென்றே’யைச் சேர்த்தால் ஒட்டாது.

‘தட்டு’ என்ற வினைக்கு இந்தச் சிக்கல் இல்லை. தட்டினார் என்றால் அவர் செய்தது, தட்டுப்பட்டது என்றால் தானாக நேர்ந்தது. ஒரே வேர் இரண்டு பக்கமும் போய் வருகிறது. ‘சவேயாவின் கையில் பட்டு முன்தட்டல் ஆனது’, ‘கோல்பி வேண்டுமென்றே முன்தட்டல் செய்தார்’. இரண்டும் இடறாமல் வருகின்றன.

எதிர்த்தட்டு எனக்கு ஆரம்பத்தில் பிடித்திருந்தது. ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோது தராசின் இன்னொரு தட்டுதான் கண்முன் வந்தது. அதனால்தான் ‘முன்தட்டு’ என்று நிறுத்தாமல் ‘முன்தட்டல்’ என்கிறேன். தட்டல் என்றால் பாத்திரம் நினைவுக்கு வராது.

கையால் நடப்பது என்று சொல்லிலேயே தெரிய வேண்டும் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். முயன்று பார்த்தேன். ‘முன்கைத் தட்டல்’ என்றால் முழங்கைக்குக் கீழே உள்ள முன்கை. ‘கைதட்டல்’ என்றால் பந்தைக் கோட்டைவிட்டவருக்குக் கூட்டம் கைதட்டியதாகிவிடும். கையை விளக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், சொல்லில் வேண்டாம்.

அன்புடன்.

---

> தட்டினார் என்றால் அவர் செய்தது, தட்டுப்பட்டது என்றால் தானாக நேர்ந்தது.

நல்ல பிடி. ஆனால் எனக்கு உறுத்துவது தட்டல் அல்ல, முன்.

ஒரு ஆட்டக்காரர் தம் கோட்டைப் பார்த்தபடி, எதிரணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உயரப் பந்தைப் பிடிக்கப் போகிறார். பந்து விரல்களில் பட்டுத் தோளுக்கு மேலாக அவருக்குப் பின்னால் விழுகிறது. விதிப்படி இது நாக்-ஆன். முதுகுக்குப் பின்னால் விழுந்த பந்தை முன்தட்டல் என்பீர்களா? எதிர்த்தட்டில் குறைந்தபட்சம் திசை சரியாக இருக்கிறது.

இன்னொன்று. பொன், தகடு சேர்ந்தால் பொற்றகடு. அந்தக் கணக்கில் முன், தட்டல் சேர்ந்தால் முற்றட்டல் என்று எழுத வேண்டிவரும். அதற்கும் தயாராக இருங்கள்.

---

வணக்கம். இடையில் ஒரு சின்ன சந்தேகம். எதிரி உதைத்த உடனே பாய்ந்து கைகளால் மறிக்கிறார்களே, அந்தப் பந்து முன்னேதானே போகிறது? அதற்கு நடுவர் ஊதுவதில்லை. முன்தட்டல் என்ற பெயர் அதையும் உள்ளே இழுத்துவிடாதா? 2023 காலிறுதியில் பிரான்ஸின் தோமா ராமோஸ் உதைத்ததைக் கோல்பி பாய்ந்து மறித்தது நினைவுக்கு வந்ததால் கேட்கிறேன். அந்த ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கா 29-28 என்று வென்றது. அந்த உதையில் போன இரண்டு புள்ளிதான் பிரான்ஸை வீழ்த்தியது என்று இன்னும் அங்கலாய்க்கிறார்கள்.

---

ஐயா, வணக்கம். ‘முன்’ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். சுலபத்தில் தள்ளிவிட முடியாத கேள்வி.

ரக்பி விதியில் முன் என்பது ஆட்டக்காரரின் முகம் பார்க்கும் பக்கம் அல்ல, எதிரணியின் கடைக்கோட்டுப் பக்கம். அதாவது உடலின் முன் அல்ல, அணியின் முன். இந்த வேறுபாடு நமக்குப் புதிதில்லை. படை முன்னேறியது என்கிறோம், பின்வாங்கியது என்கிறோம். பின்வாங்கும் வீரன் திரும்பி, தான் போகிற வழியைப் பார்த்துத்தான் ஓடுகிறான். அவன் முகம் பார்க்கிற திசையில் போவதால் அவன் முன்னேறினான் என்று யாரும் சொல்வதில்லை. முன்னணி, முன்களம் எல்லாமே இந்த வழக்கில் வந்தவைதான். களத்தில் அணியாக நிற்பவர்களுக்கு முன் எது என்பதைத் தமிழ் எப்போதோ முடிவு செய்துவிட்டது. நீங்கள் சொன்ன ஆட்டக்காரரின் பந்து அவருக்குப் பின்னால் விழுந்தது, அவர் அணிக்கு முன்னால் விழுந்தது. விளக்கத்தில் ‘எதிரணிக் கோட்டை நோக்கி’ என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.

முற்றட்டலுக்கு நான் தயாரில்லை! படிப்பவர் அதை ‘முற்று’ என்று பிரிக்கத் தொடங்கிவிடுவார். முன்தினம், முன்தொகை என்று இயல்பாக எழுதுகிறோமே, அந்த வரிசையில் முன்தட்டலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

உதையை மறிப்பது பற்றிக் கேட்டவருக்கு: விதியே அதை விலக்கி வைக்கிறது. எதிரி உதைத்த அந்தக் கணத்திலேயே மறித்தால் பந்து முன்னே போனாலும் ஆட்டம் தொடரும். பெயரும் தனியாக இருப்பது நல்லது. ‘உதைமறிப்பு’ எப்படி இருக்கிறது? மறிப்பு என்றாலே குறுக்கே நின்று தடுப்பது, முறைகேடு என்ற வாடை அதில் இல்லை. ஆனால் காலிறுதியில் கோல்பி மறித்தது ட்ரைக்குப் பிந்தைய இலக்கு உதை. அங்கே பந்து முன்னே போனதா பின்னே போனதா என்ற கேள்வியே எழாது.

சரி, தட்டினாரா தட்டுப்பட்டதா என்பதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் 2015 காலிறுதி. லண்டன் டிவிக்கனம் மைதானம், ஸ்காட்லாந்தும் ஆஸ்திரேலியாவும். கடைசி நிமிடங்களில் ஸ்காட்லாந்து 34-32 என்று முன்னிலை. லைன்-அவுட் அவர்களுடையதுதான். பந்து சிதறி, ஒரு ஸ்காட்லாந்து வீரர் மேல் பட்டு முன்னே வந்தது. நடுவில் ஆஸ்திரேலியாவின் நிக் பிப்ஸ் அதில் கை வைத்தார். அப்புறம் அது ஸ்காட்லாந்தின் ஜான் வெல்ஷிடம் போய்ச் சேர்ந்தது. முன்தட்டலான பந்தைத் தன் அணிக்காரரே விலகிடத்தில் (ஆஃப்சைடு, அதாவது பந்தைக் கடைசியாக ஆடிய தம் அணிக்காரருக்கு முன்னால்) நின்று ஆடினார் என்று நடுவர் கிரேக் ஜூபேர் பெனால்டி கொடுத்தார். பெர்னார்ட் ஃபோலி உதைத்தார், 35-34. (மேலே சொன்ன காணொளி நடுவர் ஃபோலி வேறு, இந்த ஃபோலி வேறு.) ஊதி முடித்ததும் ஜூபேர் யாருடனும் கைகுலுக்காமல் ஓட்டமாக வெளியேறியது தனிக் கதை.

மறுநாள் உலக ரக்பி அமைப்பே முடிவு தவறு என்று அறிவித்தது. எதிரணி ஆள் வேண்டுமென்றே பந்தை ஆடினால், விலகிடத்தில் நின்றவர் விலகிடம் நீங்கிவிடுவார் என்பது விதி. பிப்ஸ் பந்தை ஆடினார், ஆகவே வெல்ஷ் மேல் குற்றமில்லை. முதலில் நடந்த முன்தட்டலுக்கு ஆஸ்திரேலியாவுக்கு ஒரு ஸ்க்ரம், அவ்வளவுதான் கொடுத்திருக்க வேண்டும் என்றது. அந்த இடத்தில் காணொளியைக் கேட்கவும் ஜூபேருக்கு அன்றைய நடைமுறை இடம் தரவில்லை.

அந்த மூன்று நொடியைத் தமிழில் எழுதிப் பாருங்கள். ‘பந்து பிப்ஸின் கையில் தட்டுப்பட்டது’ என்று எழுதினால் ஜூபேர் செய்தது சரி. ‘பிப்ஸ் பந்தைத் தட்டினார்’ என்று எழுதினால் ஸ்காட்லாந்து அரையிறுதிக்குப் போயிருக்கலாம். ஒரு வினைமுற்றில் ஆட்டம் நிற்கிறது. கைநழுவலை வைத்துக்கொண்டு இதை எழுதவே முடியாது, நான் முயன்று பார்த்துவிட்டேன்.

காணொளி நடுவர் என்பதையும் பட்டியலில் சேர்க்கிறேன். கிரிக்கெட்டில் பழகிய ‘மூன்றாம் நடுவர்’ இங்கே ஒத்துவராது. களத்திலும் கோட்டோரத்திலுமாக ஏற்கனவே மூன்று பேர் இருக்கிறார்கள், இவர் நான்காமவர். ஆஃப்சைடுக்கு நான் எழுதிய ‘விலகிடம்’ தற்காலிகம்தான், அதற்கு இன்னும் நல்ல சொல் கிடைத்தால் சொல்லுங்கள்.

பட்டியலில் ஏற்றப்போவது இதுதான். மாற்ற வேண்டுமானால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள்:

முன்தட்டல் (பெ.): கை அல்லது புயத்தில் பட்ட பந்து எதிரணிக் கோட்டை நோக்கிச் சென்று, பட்டவர் மீண்டும் பிடிப்பதற்குள் தரையிலோ வேறொருவர் மேலோ படுதல். தானாக நேர்ந்தால் ஸ்க்ரம். வேண்டுமென்று செய்தால் பெனால்டி. உதைமறிப்பு இதில் அடங்காது.

ஐயா, ‘புயம்’ வேண்டாம், ‘தோள்’ போடலாம் என்று சொல்லிவிடாதீர்கள். தோளில் பட்டால் முன்தட்டல் இல்லை.