தேக்கு ஊஞ்சல் பலகைக்கு சாண்டர் போட்டேன், பாலிஷ் ஏற்றியதும் சுருள் சுருளாகக் கோடு தெரிகிறது, உதவுங்கள்

அரசலாற்றங்கரை:

வணக்கம். கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம். தாத்தா காலத்து ஊஞ்சல் பலகை, நல்ல தேக்கு, ஐந்தரை அடி நீளம், இரண்டடி அகலம். தை மாதம் தங்கச்சி கல்யாணம், நலங்குக்கு அதில்தான் உட்கார வைக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்கள். ஆசாரிக்குத் தேதி கிடைக்கவில்லை, அதனால் நானே 5 அங்குல ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர் (வட்ட உப்புத்தாள் ஒட்டி மரத்தைத் தேய்க்கும் மெஷின்) ஒன்று வாங்கி, திண்ணையில் பலகையைப் போட்டு இறங்கிவிட்டேன். பழைய வார்னிஷ் போக 60 நம்பர் சொரசொரப்புத் தாள் போட்டேன், அப்புறம் நேராக 220 நம்பர் நைஸ் தாள். கையால் தடவினால் வாழைத்தண்டு மாதிரி வழுவழுப்பு. ஆனால் ஸ்பிரிட் பாலிஷ் ஒரு கோட் ஏற்றினதும் பலகை முழுக்க குட்டிக் குட்டி சுருள், ஒவ்வொன்றும் ஓர் அரிசி மணி அளவுதான், தேன்குழல் பிழிந்து விட்ட மாதிரி. இரண்டு நாளாக மனசே சரியில்லை. மெஷின் கோளாறா, நான் பண்ணினது தப்பா? மேலே இன்னும் இரண்டு கோட் ஏற்றினால் மறையுமா?

பட்டறை மாமா:

மறையாது தம்பி. பாலிஷ் ஏற ஏற பள்ளத்தில் நிறம் தங்கி இன்னும் எடுப்பாகத் தெரியும், அதனால் இப்போதே நிறுத்துங்கள். இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டின பிறகு தூசிப் பையைத் திறந்து பார்த்தீர்களா, உள்ளே எவ்வளவு இருந்தது? தாளில் ஓட்டை இருக்கிறதா?

அரசலாற்றங்கரை:

பை கிட்டத்தட்ட காலி மாமா, ஒரு பிடி கூட இல்லை. தூசி எல்லாம் திண்ணையிலும் என் தலையிலும்தான். மெஷினோடு வந்த ஐந்து தாளில் எட்டு ஓட்டை இருந்தது, அது தீர்ந்ததும் கடையில் வெல்க்ரோ வட்டத் தாள் கேட்டு வாங்கினேன், அதில் ஓட்டையே கிடையாது. ஒட்டிக்கொண்டதே என்று போட்டுவிட்டேன்.

பட்டறை மாமா:

கண்டுபிடித்தாயிற்று. பேடில், அதாவது தாள் ஒட்டும் வட்டத் தட்டில், இருக்கும் எட்டு ஓட்டை வழியாகத்தான் மெஷின் தூசியை உறிஞ்சும். ஓட்டை இல்லாத தாள் அதை மூடிவிடும், ஓட்டை உள்ள தாளையே கோணலாக ஒட்டினாலும் இதே கதிதான். தூசி தாளுக்கும் மரத்துக்கும் நடுவில் மாட்டும், தாளிலிருந்து உதிர்ந்த ஒரு பெரிய மணலும் பழைய வார்னிஷ் உருண்டையும் அதோடு சேரும். இந்த மெஷினில் பேட் சுற்றிக்கொண்டே நடுப்புள்ளியிலிருந்து கொஞ்சம் விலகி ஆடவும் செய்யும், பெரும்பாலான 5 அங்குல மெஷினில் அந்த ஆட்டம் 2.5 மில்லிமீட்டர் வட்டம். நீங்கள் சொன்ன அரிசி மணி அளவு அதுதான். மாட்டிக்கொண்ட மணல் அந்த வட்டத்தைத்தான் மரத்தில் கீறியிருக்கிறது. பிறை பிறையாகப் பெரிய வெட்டு விழுந்திருந்தால், மெஷினைச் சாய்த்துப் பிடித்தீர்கள் என்றோ, பேடைக் கட்டுப்படுத்தும் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது என்றோ சொல்லியிருப்பேன். உங்கள் மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது.

அடுத்தது 60-லிருந்து 220-க்குத் தாவினது. 60 போட்ட ஆழக் கோட்டை 220 எடுக்கவே எடுக்காது, மேட்டை மட்டும் வழுவழுப்பாக்கிவிட்டுப் போய்விடும். அதனால்தான் கைக்குத் தெரியவில்லை, பாலிஷுக்குத் தெரிந்துவிட்டது.

திருவாரூர் தேவி:

மெஷினை அழுத்தினீர்களா அண்ணா? நான் பலா மரத்து மணை நான்கு தேய்த்தபோது இதே மாதிரி ஆனது, அழுத்தினால் சீக்கிரம் முடியும் என்று நினைத்தேன். அழுத்தினால் பேட் சுற்றுவது நின்றுபோய் ஆட்டம் மட்டும் மிஞ்சுகிறது. பேடின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள், ஓடும்போது அந்தக் கோடு சுற்றி வர வேண்டும், ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டு நின்றால் கை கனம் ஜாஸ்தி என்று அர்த்தம். மெஷினின் எடையே போதும்.

அரசலாற்றங்கரை:

நன்றாகவே அழுத்தினேன் அக்கா, சாயங்காலம் தோள்பட்டை வலி. சரி, இனி எப்படி ஆரம்பிப்பது? ஏற்றின பாலிஷை என்ன செய்வது?

பட்டறை மாமா:

ஸ்பிரிட் பாலிஷ் அரக்குதானே, ஸ்பிரிட்டிலேயே கரையும். பழைய பனியன் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து இரண்டு மூன்று முறை துடைத்து எடுங்கள், அப்படியே சாண்டர் போட்டால் தாள் ஐந்து நிமிடத்தில் பிசுக்கேறிப் பளபளவென்று ஆகிவிடும், அந்தப் பிசுக்கும் கீறும். ஓரங்களில் பழைய வார்னிஷ் மிச்சம் இருந்தால் எங்கள் அப்பா செய்த மாதிரி உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் சுரண்டி எடுக்கலாம், கையுறை கட்டாயம்.

அப்புறம் எட்டு ஓட்டைத் தாள் வாங்கி 80-ல் ஆரம்பியுங்கள். பென்சிலால் பலகை முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் லேசாகக் கிறுக்கிவிடுங்கள், கிறுக்கல் எல்லா இடத்திலும் ஒன்றுபோல மறைந்தால் அந்த நம்பர் முடிந்தது. மெஷினை மரத்தின் மேல் வைத்துவிட்டு சுவிட்சைப் போடுங்கள், ஓடும்போதே தூக்கிவிட்டு அணையுங்கள். ஓர் அங்குலம் நகர ஒரு நொடி, அதாவது உங்கள் பலகையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ஒரு நிமிடத்துக்கு மேல் ஆக வேண்டும், இதைத்தான் யாரும் கேட்பதில்லை. பிறகு 120, 180, 220. ஒவ்வொரு நம்பருக்கும் நடுவில் பிரஷ் போட்டுத் தட்டி, ஈரத்துணி வேண்டாம், காய்ந்த துணியால் துடையுங்கள், பேடையும் தட்டுங்கள். 80-இன் ஒரே ஒரு மணல் தங்கிவிட்டால் 220-இல் சுருள் போடும். கடைசியில் மெஷினை எடுத்து வைத்துவிட்டு, 220 உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி ரேகை ஓடும் பக்கமாகக் கையால் பத்து நிமிடம் தேயுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பலகையோடு படுக்கவைத்து அடித்துப் பாருங்கள், சுருள் மிச்சம் இருந்தால் அப்போதே காட்டிக்கொடுக்கும்.

நிலக்கரைக் குடியானவன்:

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, முதல் கோட்டுக்கு முன்னால் தின்னரில் ஒரு துடைப்பு கொடுங்கள். இப்போது மார்கழி, காலைப் பனியில் ஸ்பிரிட் பாலிஷ் போட்டால் வெள்ளை பூத்துவிடும், நம் ஆற்றோர ஊர்களில் சொல்லவே வேண்டாம். வெயில் ஏறி பத்து மணிக்கு மேல் போட்டு மூன்று மணிக்குள் முடியுங்கள். மாஸ்க் போடாமல் இந்த வேலை வேண்டாம், துண்டைக் கட்டிக்கொள்வது போதாது, என்95 வாங்குங்கள். தேக்குத் தூசி சிலருக்கு அரிப்பும் மூச்சுத்திணறலும் கொடுக்கும்.

அரசலாற்றங்கரை:

நான்கு நாள் ஆயிற்று. பாலிஷைத் துடைத்து, ஓட்டைத் தாள் தேடி வாங்கி, மாமா சொன்ன நிதானத்தில் போனேன். முதல் அரை மணி நேரத்திலேயே பை பாதி நிரம்பிவிட்டது, பழுப்பு மாவு மாதிரி. நேற்று ராத்திரி டார்ச் அடித்தேன், இடது மூலையில் மட்டும் ஏழெட்டு சுருள், கையால் தேய்த்ததும் போயிற்று. இன்று பதினோரு மணிக்கு முதல் கோட். ரேகை மட்டும்தான் தெரிகிறது, அப்பா வந்து பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். எல்லாருக்கும் நன்றி. ஒன்று மட்டும் பாக்கி: பலகையின் அடிப்பக்கம் பழைய நீல எனாமல் பெயிண்ட், நான் பிறப்பதற்கு முன்னால் அடித்தது. அதையும் சாண்டர் போட்டு எடுத்துவிடவா?

திருவாரூர் தேவி:

வேண்டாம் அண்ணா. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அந்தக் கால எனாமலில் நிறையவே இருக்கலாம். சாண்டர் போட்டால் அது பொடியாகி வீடு முழுக்கப் பறக்கும், கல்யாண வீட்டில் குழந்தைகள் தரையில் தவழும். உரியாமல் பிடிப்பாக இருக்கிறதா?

அரசலாற்றங்கரை:

பிடிப்பாகத்தான் இருக்கிறது, ஓர் இடத்திலும் உரியவில்லை.

பட்டறை மாமா:

அப்போ தொடாதீர்கள். அதன் மேலேயே புதுப் பெயிண்ட் ஒரு கோட் அடித்து மூடிவிடுங்கள். ஊஞ்சலுக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள்? இரண்டாவது கோட்டை நாளை பத்து மணிக்கு மேல் போடுங்கள்.