நாய்க்கண்ணில் கடைசியாக வைக்கும் வெள்ளை: அதற்குத் தமிழில் என்ன பெயர்?

ஓவிய ஆசிரியை, கிருஷ்ணகிரி

அனைவருக்கும் வணக்கம்.

அக்ரிலிக்கில் விலங்கு முகம் வரையப் பழகுகிறவர்களுக்கான தமிழ்க் கையேட்டில் நாய்க்கண் பகுதி மட்டும் முடியாமல் நிற்கிறது. காரணம் ஒரே ஒரு சொல். கண்ணில் கடைசியாக வைக்கிறோமே, அந்தச் சிறு வெள்ளை. போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் அதை கேட்ச்லைட் என்கிறார்கள். ஓவியர்கள் ஹைலைட் என்கிறார்கள். ஹைலைட் என்றால் மூக்கின் ஈரத்தில் மினுங்குவதும் அதுதான், முதுகு முடியில் படுவதும் அதுதான். கண்ணுக்கென்று தனிச்சொல் வேண்டும்.

சொல் எந்தப் பொருளைத் தாங்க வேண்டும் என்பது தெரிய, வேலை நடக்கும் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். கண் 4 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கறுப்பு. ட்யூப் கறுப்பு வேண்டாம், அது கண்ணை ஓட்டை ஆக்கிவிடும். பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரைன் நீலமும் சம அளவு கலந்தால் கறுப்புக்குப் பக்கத்தில் வரும். நீலத்தைக் கூட்டிக் குறைத்துக் குளிர்ச்சியாகவோ சூடாகவோ மாற்றிக்கொள்ளலாம். பாவை (கண்ணின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம்), இமை விளிம்பு, மேலிமையின் நிழல் மூன்றையும் இந்தக் கலவையிலேயே அடைத்துவிடலாம். அடுத்து கருவிழிக்கு பர்ன்ட் சியன்னா, இரண்டு பூச்சு. காய்ந்ததும் யெல்லோ ஆக்கரில் துளி வெள்ளை சேர்த்து, 0 எண் ரவுண்டு பிரஷ்ஷால் வெளியோரத்திலிருந்து பாவையை நோக்கிக் கதிர்க்கோடுகள். எல்லாக் கோடும் ஒரே நீளம், ஒரே இடைவெளி என்று விழுந்தால் கண் செத்துப்போகும். சில பாதியில் நிற்கட்டும், சில இரண்டாகப் பிரியட்டும்.

அதன்மேல் கிளேஸ், அதாவது கீழ்நிறம் தெரியும்படி பூசும் மெல்லிய பூச்சு. பர்ன்ட் சியன்னா ஒரு பங்கு, கிளேஸிங் மீடியம் எட்டு முதல் பத்துப் பங்கு. மூன்று நான்கு முறை, ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. அரைகுறையாகக் காய்ந்ததன் மேல் பிரஷ் பட்டால் கீழ்ப்படலம் கிழிந்து கூடவே வந்துவிடும். மீடியத்துக்குப் பதிலாகத் தண்ணீரையே ஊற்றினால் பசைத்தன்மை போய் நிறம் திட்டுத் திட்டாக நிற்கும். இன்னொன்று: ஈரத்தில் அக்ரிலிக்கின் பைண்டர் (நிறத்தைப் பிடித்துவைக்கும் பசை) பால்நிறம், காய்ந்தால் தெளிந்துவிடும். அதனால் காய்ந்த நிறம் ஒரு படி கறுத்தே வரும். தட்டில் பார்த்த பழுப்பை நம்ப வேண்டாம்; ஓரத்தில் ஒரு தீற்றுத் தீற்றிக் காயவைத்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் அந்த வெள்ளை. அதற்கு "விழிச்சுடர்" என்ற சொல்லை முன்வைக்கிறேன். "கண்பொறி", "ஒளிப்புள்ளி" இரண்டும் மாற்று.

கால்நடை மருத்துவர், தருமபுரி

டீச்சர், வணக்கம்.

விழிச்சுடர் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சுடர் என்றால் ஒளி அந்தப் பொருளிலிருந்தே கிளம்புகிறது என்று ஆகிவிடும். நீங்கள் கடைசியாக வைக்கும் வெள்ளை கண்ணுடைய ஒளியே அல்ல. வெளியே இருக்கும் ஜன்னலோ, ட்யூப் லைட்டோ, வானமோ, கண்ணின் முன்னால் இருக்கும் கார்னியா என்ற படலத்தின் மேல் தெரிகிற பிம்பம். கண்பொறியும் ஒத்துவராது. ஐம்பொறி என்று சொல்லிச் சொல்லி, அது கண் என்ற உறுப்பையே குறிக்கும்.

குழப்பத்துக்கு வேர் "கருவிழி" என்ற சொல்லில் இருக்கிறது. கண் தானச் செய்தியில் "கருவிழி மாற்று சிகிச்சை" என்றால் அது கார்னியா. ஆதாரிலும் ரேஷன் கடையிலும் "கருவிழிப் பதிவு" என்றால் அது ஐரிஸ். முன்னால் நிற்கும் கண்ணாடி போன்ற படலம் ஒன்று, பின்னால் நிறம் கொண்ட வளையம் இன்னொன்று, நடுவில் நீர் நிரம்பிய இடைவெளி. இரண்டையும் ஒரே பெயரால் சொல்லிவிட்டு "கருவிழியில் வெள்ளை வை" என்று எழுதினால், படிப்பவர் ஐரிஸின் பழுப்போடு அதைக் கலந்து தேய்க்கத்தான் செய்வார். ஓரம் மங்கிய வெள்ளைத் திட்டு ஒன்று வந்து நிற்கும்.

கார்னியா வெளிப்புறம் குவிந்த பரப்பு, ஆகவே குவியாடியாக வேலை செய்கிறது. பள்ளியில் படித்த விதிதான்: நேரான, சிறிய பிம்பம். ஜன்னலுக்கு முன் உட்கார்ந்த நாயின் கண்ணில் நிமிர்ந்த குட்டி ஜன்னல் தெரியும், பக்கங்கள் மட்டும் சற்று வளைந்து. மாந்தோப்பில் வெட்டவெளியில் நிற்கும் நாய்க்கு, கண்ணின் மேல்பாதியில் வானம் அகன்ற நீலவெண்மையாகப் படரும். மேலிமை முடிகள் அதைக் கறுப்புக் கோடுகளாக அறுக்கும். வடிவத்தைத் தீர்மானிப்பது ஒளி வரும் இடம். அதனால் "புள்ளி" என்று வடிவத்தைச் சொல்லிலேயே பூட்டிவிடக் கூடாது.

இதைவிட முக்கியமான ஒன்று. கண்ணில் இரண்டு வெளிச்சம் உண்டு. பத்து மணித் திசையிலிருந்து ஒளி வருகிறது என்றால், ஒரு சிறு பகுதி கார்னியாவில் பட்டுத் திரும்புகிறது. உங்கள் வெள்ளை அதுதான். மீதி உள்ளே புகுந்து, விலகி, ஐரிஸின் எதிர்ப்பக்கத்தில் நாலு மணித் திசையில் விழுகிறது. தேன்நிறக் கண்ணில் அந்த இடம் நன்றாகவே வெளுத்துத் தெரியும். ஆனால் அது வெள்ளை அல்ல, ஐரிஸின் நிறமே தான். இதற்கும் பெயர் இல்லாதவரை கையேடு குழப்பும். ஆகவே தேட வேண்டியது இரண்டு சொற்கள்.

விளம்பரப் பலகை ஓவியர், ஒசூர்

டீச்சருக்கும் டாக்டர் சாருக்கும் வணக்கம்.

போர்டு வேலையில் இதற்கு "கண்ணுக்கு லைட் வை" என்பதுதான் பேச்சு. லைட் அடி, லைட் பூசு என்று யாரும் சொல்வதில்லை. நிழல் என்றால் "ஷேடு கொடு", இதற்கு மட்டும் "வை". அப்படியானால் புதுச்சொல்லும் "வை" என்பதோடு ஒட்ட வேண்டும். தமிழில் வைப்பது பொட்டு. "ஒளிப்பொட்டு" என்று சொல்லலாமே. பொட்டு வட்டமாகவும் இருக்கும், நீளமாகவும் இருக்கும், அதனால் வடிவம் பூட்டப்படாது. தோலோடு கலக்காது, மேலே உட்காரும். டாக்டர் சொல்லும் கார்னியா கணக்குக்கும் பொருந்தும்.

வைக்கும் முறையையும் சொல்லில் அடக்க முடியாது, அதனால் எழுதிவிடுகிறேன். ஒரே வீச்சில் வெள்ளை வைத்தால் ஒட்டவைத்த மாதிரி நிற்கும். முதலில் டைட்டானியம் வெள்ளையில் துளி அல்ட்ராமரைன், அதைவிடக் குறைவாக அம்பர் சேர்த்து நீலச்சாம்பல். பொட்டின் முழு வடிவத்தையும் இதில் போட வேண்டும். காய்ந்த பிறகு அதற்குள், ஒளி வரும் பக்கமாக ஒதுங்கி, சுத்த வெள்ளையைத் தண்ணீர் சேர்க்காமல் கெட்டியாக ஒரு தொடல். பிரஷ் 00. தொட்டு எடுத்ததும் நிறுத்த வேண்டும். திரும்பத் தடவினால் ஓரம் போய்விடும். இடம், பாவையும் பழுப்பும் சேரும் எல்லை, பாதி அதில் பாதி இதில். அளவு பழுப்பு வட்டத்தின் அகலத்தில் ஆறில் ஒன்றைத் தாண்டினால் கண் கோலிக்குண்டு ஆகிவிடும்.

அதிகம் கெடுவது இரண்டாவது கண்ணில். முகம் இரண்டு பக்கமும் ஒத்திருக்கிறது என்று பொட்டையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் எதிரெதிராக வைத்துவிடுகிறார்கள். இடக்கண்ணில் பத்து மணி என்றால் வலக்கண்ணிலும் பத்து மணிதான், ஒளி ஒன்றுதானே. எதிரெதிராக வைத்தால் நாய்க்கு மாறுகண் வந்துவிடும். விழி சரியாக வரைந்திருந்தும் எங்கே தப்பு என்று தெரியாமல் பாவையை அழித்து அழித்துத் திருத்துவார்கள். தப்பு பாவையில் இல்லை.

நம்ம பக்கத்து வெயிலைப் பற்றியும் கையேட்டில் நாலு வரி வேண்டும் டீச்சர். தருமபுரிப் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் ஃபேன் போட்டுக்கொண்டு வேலை செய்தால் பிரஷ் தட்டிலிருந்து பலகைக்கு வருவதற்குள் கலவை இறுகும். மூடியுள்ள தட்டையான டப்பாவில் ஈரத்துணி விரித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு அதில் கலந்தால் மதியம் வரை தாங்கும். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். உப்பு அதிகம் உள்ள தண்ணீரில் மெல்லிய பூச்சு காய்ந்தால் பாவையின் கறுப்பில் வெளுப்பு படியும். கேன் தண்ணீர் ஒரு டம்ளர் போதும்.

ஓவிய ஆசிரியை, கிருஷ்ணகிரி

அண்ணா, "வை" என்ற வினையைப் பிடித்தது அருமை. சொல்லைச் சோதித்துப் பார்த்தேன். ஒரு தடை வருகிறது: முக அமைப்புப் பாடத்தில் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள இடத்தை நெற்றிப்பொட்டு என்கிறோம். நாயின் தலையில் அந்த இடத்தின் குழிவும் முக்கியம், இரண்டு சொல்லும் ஒரே பக்கத்தில் வரும். ஆனால் "ஒளி" முன்னால் நிற்பதால் யாருக்கும் மயக்கம் வராது என்று நினைக்கிறேன். வெறும் "பொட்டு" என்று சுருக்கி எழுதுவதை மட்டும் கையேட்டில் தவிர்த்துவிடலாம்.

இலங்கைப் பாடநூல்களில் ஒளி திரும்புவதை "ஒளித்தெறிப்பு" என்கிறார்கள், நாம் எதிரொளிப்பு என்பதை. "விழித்தெறிப்பு" என்று எடுக்கலாமா என்றும் பார்த்தேன். பொருள் துல்லியம். ஆனால் ஓவியத்தில் தெறிப்பு என்றால் பிரஷ்ஷைத் தட்டி நிறத்தைச் சிதறவிடும் உத்தி. கண்ணில் போய் அதைச் செய்துவிட்டால் தீர்ந்தது. "எதிரொளி" பாடப்புத்தக வாடை அடிக்கிறது, "வை"யோடும் சேரவில்லை. ஒளிப்பொட்டே இருக்கட்டும்.

டாக்டர் சொன்ன இரண்டாவது வெளிச்சத்துக்கு "உள்ளொளி" உடனே நாவில் வரும், ஆனால் அது ஆன்மிகத்துக்கு எழுதிக்கொடுத்த சொல். "பிறையொளி" கண்ணுக்கு முன் படம் காட்டுகிறது. ஒளி பக்கத்திலிருந்து வந்தால் சரி, நேர் மேலிருந்து வந்தால் கீழ்ப்பாதி முழுவதும் பரவிவிடும், பிறை இருக்காது. "ஊடொளி" என்கிறேன். ஊடே புகுந்து வந்த ஒளி. இதை ஏற்றால் கிளேஸுக்கும் "ஊடுபூச்சு" என்று கூடவே சொல் கிடைத்துவிடுகிறது, கீழ்நிறம் ஊடே தெரிகிற பூச்சு. இரண்டும் வேலையிலும் சேர்ந்தவை, எப்படி என்றால்:

ஊடொளியை வெள்ளை கலந்து கடைசியில் வைத்தால் பழுப்பின்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகும். அதைக் கதிர்க்கோடுகள் முடிந்த கையோடு, ஊடுபூச்சுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். யெல்லோ ஆக்கர் மூன்று பங்கு, வெள்ளை ஒரு பங்கு, காட்மியம் ஆரஞ்சு நிறம் துளி. ஒளிப்பொட்டு வரப்போகும் இடத்தைப் பென்சிலில் குறித்துக்கொண்டு, அதற்கு நேர் எதிரே, பாவைக்கும் வெளியோரத்துக்கும் நடுவில், கதிர்க்கோடுகளின் திசையிலேயே குட்டிக் குட்டிக் கோடுகளாக. வெளியோரத்தைத் தொடக் கூடாது, அங்கே கறுத்த வளையம் இருக்கிறது. இந்த நிலையில் அளவுக்கு மீறி மஞ்சளாகத் தெரிய வேண்டும், பயப்பட வேண்டாம். பிறகு வரும் பர்ன்ட் சியன்னா ஊடுபூச்சு ஒவ்வொன்றும் அதைத் தணித்துத் தேன்நிறத்துக்குக் கொண்டுவரும். மேலிமை நிழலுக்கு அம்பர், அல்ட்ராமரைன் ஊடுபூச்சைப் பழுப்பின் மேல் மூன்றில் ஒரு பங்கு வரை இறக்கினால், கீழே ஊடொளி தானாக எடுப்பாகும்.

வெளிச்சத்தின் அளவை பத்துப் படியாக வைத்தால் ஒளிப்பொட்டின் நடு பத்து, ஊடொளி ஐந்து, மிஞ்சிப்போனால் ஆறு. இரண்டும் நெருங்கினால் எது முன்னே, எது உள்ளே என்ற ஆழம் போய்விடும்.

"கருவிழி" பற்றி ஒரு முடிவு: ஐரிஸுக்குக் "கதிராளி" என்ற சொல் ஏற்கெனவே உண்டு, அதையே எடுக்கிறேன். கதிர்க்கோடு போட வேண்டும் என்பதைச் சொல்லே நினைவூட்டும். தேன்நிறக் கண்ணுக்கு முன்னால் "கரு" என்று எழுதிவிட்டுப் பிறகு பழுப்பு கலக்கச் சொல்வதும் பொருத்தமில்லை. கார்னியா கார்னியாவாகவே இருக்கட்டும், பள்ளிப் பாடத்தில் அப்படித்தான் படிக்கிறார்கள்.

கால்நடை மருத்துவர், தருமபுரி

ஒளிப்பொட்டு, ஊடொளி, கதிராளி மூன்றுக்கும் என் ஒப்புதல். கடினமான இடங்களில் வைத்துப் பார்த்தேன், நிற்கின்றன.

வயதான நாய்: ஏழு வயதை ஒட்டி லென்ஸின் நடுப்பகுதி இறுகத் தொடங்குவதால் பாவைக்குள் நீலச்சாம்பல் மங்கல் தெரியும். வெள்ளையும் அல்ட்ராமரைனும் துளித்துளி எடுத்து மீடியம் பதினைந்து பங்கில் கரைத்த ஊடுபூச்சு பாவைக்குள் ஒன்று போதும். மங்கல் லென்ஸில், பொட்டு அதற்கு முன்னால் கார்னியாவில். ஆகவே கண் மங்கியிருந்தாலும் ஒளிப்பொட்டின் ஓரம் கூர்மையாகவே இருக்க வேண்டும். கண்ணீர் வற்றும் நோயில்தான் கார்னியா பளபளப்பை இழந்து பிம்பம் உடைந்து சிதறும். பொட்டின் ஓரத்தைத் தேய்த்துவிட்டால், தெரிந்தவர் பார்வைக்கு அது நோயுள்ள கண்.

ஃப்ளாஷ் போட்ட படம்: பாவை பச்சையாகவோ மஞ்சளாகவோ எரியும். அது விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ஒளிதிருப்பும் படலத்தின் வேலை, மூன்றாவது வேறொன்று. "பின்னொளிர்வு" என்று பெயரிட்டு, அப்படிப்பட்ட படத்தை மாதிரியாக வைக்க வேண்டாம் என்று ஒரு வரி சேர்க்கலாம். பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரத்தில் எடுத்த படத்தில்தான் பொட்டும் ஊடொளியும் சரியான இடத்தில் தெரியும்.

நாயின் பாவை வட்டம், பூனையைப்போல் செங்குத்துப் பிளவு அல்ல. வெள்ளைவிழி நேர்ப்பார்வையில் அநேகமாகத் தெரியாது. மனிதக் கண்ணின் பழக்கத்தில் இரண்டு பக்கமும் வெள்ளை விட்டால் நாய் மிரண்டதுபோல் இருக்கும்.

விளம்பரப் பலகை ஓவியர், ஒசூர்

ஒன்று பாக்கி. கீழிமை விளிம்பில் கண்ணீர் தேங்கி மினுங்கும் மெல்லிய கோட்டுக்கும் பெயர் வேண்டும். "ஈரக்கோடு" போதாதா?

ஓவிய ஆசிரியை, கிருஷ்ணகிரி

போதும் அண்ணா. ஈரக்கோட்டுக்குச் சுத்த வெள்ளை கூடாது, அது ஒளிப்பொட்டோடு போட்டி போடும். நீலச்சாம்பலில் துளி பர்ன்ட் சியன்னா சேர்த்து, 00 பிரஷ்ஷின் நுனியால், கறுத்த இமை விளிம்பின் உள்ளோரத்தில். முழு நீளத்துக்கும் இழுக்காமல் இரண்டு மூன்று இடத்தில் அறுத்துவிட வேண்டும். உள்மூலையில் மூன்றாம் இமை தெரியும் இடத்தில் சற்று அகலமாகி இளஞ்சிவப்பு ஏறும், வெளிமூலைக்கு வரும்போது காணாமல் போகும். ராஜபாளையம் போன்ற வெள்ளை நாய்க்கு இமை விளிம்பில் கறுப்பு குறைவாக இருந்தால் இந்தக் கோடு தெரியாமல் போய்விடும். அங்கே கோட்டைப் பிரகாசமாக்காமல், அதன் கீழே விளிம்பின் நிறத்தை ஒரு படி இறக்க வேண்டும்.