டைட்டானேட் அடுக்கு பிரியவில்லை, டிபிஏ ஊற்ற ஊற்றக் கூழாகிறது. உதவி தேவை

தவிக்கும்_குடுவை:
வணக்கம். அடுக்கு அடுக்காக இருக்கும் டைட்டானேட்டைத் தனித்தனி நானோதாள்களாகப் பிரிக்கப் பார்க்கிறேன், மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். சீசியம் கார்பனேட்டையும் டைட்டானியம் டைஆக்சைடையும் 1:5.3 மோல் விகிதத்தில் அரைத்து, 800 டிகிரியில் 20 மணி நேரம் என்று இரண்டு முறை சூடாக்கினேன். அப்புறம் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மூன்று நாள், தினமும் அமிலத்தை மாற்றி மாற்றி, சீசியத்தை வெளியேற்றினேன். எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ் கதிர் சோதனை) அடுக்கு இடைவெளி 8.6-லிருந்து 9.4 ஆங்ஸ்ட்ராமுக்கு (10 ஆங்ஸ்ட்ராம் ஒரு நானோமீட்டர்) நகர்ந்துவிட்டது. இதுவரை எல்லாம் சரி.

0.4 கிராம் பொடியை 100 மி.லி. நீரில் போட்டு, சீனியர் நோட்டில் இருந்தபடி 4.3 மி.லி. டெட்ராபியூட்டைல் அமோனியம் ஹைட்ராக்சைடு (டிபிஏ, அடுக்குகளுக்கு நடுவே நுழைந்து பிரிக்கும் காரம்) ஊற்றி ஷேக்கரில் வைத்தேன். ஒரு வாரம் கழித்தும் வெறும் பால் கலங்கல்தான். போதவில்லை போல என்று இன்னொரு 4.3 மி.லி. ஊற்றினேன். இப்போது குடுவையை லேசாகச் சுழற்றினால் பட்டுத்துணி போல மினுமினுக்கிறது, ஆனால் ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் கூழ் அடியில், மேலே தெளிந்த நீர். ஈரமாகவே எக்ஸ்ஆர்டி எடுத்ததில் குறைந்த கோணத்தில் கூர்மையான பீக்குகள் வரிசையாக வருகின்றன. இன்னும் கொஞ்சம் டிபிஏ ஊற்றவா?

கண்ணாடிக்குழாய்:
சோனிகேட்டரில் (மீயொலியால் அதிர வைக்கும் கருவி) ஒரு மணி நேரம் போடுங்கள், பிரிந்துவிடும். கிராஃபைட்டுக்கு நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

அடுக்குக்காரி:
சோனிகேட்டர் வேண்டாம். முக்கால் நானோமீட்டர் தடிமன் தாளை அதில் போடுவது அப்பளத்தை உரலில் போடுவது மாதிரி. பிரியும், ஆனால் கையில் கிடைப்பது தூள்தான். இது மெதுவாக ஆட்டினாலே தானாகப் பிரிகிற சரக்கு.

எனக்கு வேறு சந்தேகம். டிபிஏ பாட்டிலின் லேபிளைப் பார்த்து, எத்தனை சதவீதம் என்று சொல்லுங்கள். கையுறையோடு எடுங்கள், அது வலுவான காரம்.

தவிக்கும்_குடுவை:
அக்கா, 40 சதவீதம். சீனியர் நோட்டில் 10 என்று சின்னதாக எழுதியிருக்கிறது. இப்போதுதான் கவனித்தேன். 🤦

அடுக்குக்காரி:
நினைத்தேன். கணக்கைப் பாருங்கள். உங்கள் பொடியின் ஒரு மோல் சுமார் 170 கிராம், அதில் சீசியத்தின் இடத்துக்கு வந்த ஹைட்ரஜன் 0.7 மோல். 0.4 கிராமுக்கு ஏறக்குறைய 1.65 மில்லிமோல். அதற்குச் சமமாக டிபிஏ வேண்டுமென்றால் 10 சதவீதக் கரைசலில் 4.3 மி.லி.; 40 சதவீதத்தில் 1.1 மி.லி. போதும். முதல் தடவையே நீங்கள் நான்கு மடங்கு ஊற்றிவிட்டீர்கள், இரண்டாம் தடவை எட்டு மடங்காகிவிட்டது.

அதிகமானால் என்ன கெட்டுப்போகிறது என்று தோன்றும். ஜப்பானில் சசாகியும் வதனபேயும் 1998-ல் இதே டைட்டானேட்டில் காட்டியது இதுதான். ஹைட்ரஜனுக்குப் பாதி மடங்கிலிருந்து சுமார் 5 மடங்கு வரை அடுக்குகள் தனித்தனியாகப் பிரிகின்றன. அதைத் தாண்டினால் பிரிவதில்லை, ஊதி நிற்கின்றன. அயனிகள் அடுக்குகளுக்கு நடுவே நெருக்கமாக இருப்பதால்தான் நீர் உள்ளே புகுகிறது. வெளியிலும் டிபிஏ கொட்டிக் கிடந்தால் நீருக்கு உள்ளே போகும் அவசரம் குறைந்துவிடும். அடுக்குகள் பல நானோமீட்டர் விலகியும் ஒன்றை ஒன்று விடாமல் சீராக நிற்கும். நீங்கள் பார்த்த குறைந்த கோணப் பீக் வரிசை அந்த ஒழுங்குதான். உண்மையாகப் பிரிந்திருந்தால் ஈரப் பசையில் கூர்மையான பீக்கே இருக்காது, அகலமான மேடு மட்டும்தான் தெரியும்.

சொல்ல வருத்தமாக இருக்கிறது: முதல் வாரம் அடியில் படியாமல் நின்ற அந்தப் பால் கலங்கல் இருக்கிறதே, அநேகமாக அதுதான் நீங்கள் தேடிய நானோதாள்.

கண்ணாடிக்குழாய்:
அடடா. 😅 இருக்கிற கூழைக் கொட்டிவிட வேண்டியதுதானா?

அடுக்குக்காரி:
கொட்ட வேண்டாம். சென்ட்ரிஃபியூஜில் கூழைப் பிரித்து, மேல் நீரை எடுத்துவிட்டு, புதிய அயனி நீக்கிய நீரில் கலந்து பாருங்கள். டிபிஏ அடர்த்தி இறங்கினால் பிரியலாம். ஆனால் புதிய தொகுதி ஒன்றையும் பக்கத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள். பொடியை 100 டிகிரி ஓவனில் உலர்த்தாதீர்கள், காற்றில் உலர்த்தினால் போதும். அடுக்கு நடுவே உள்ள நீர் போய்விட்டால் டிபிஏ நுழைய அடம் பிடிக்கும். குழாய்த் தண்ணீர் பக்கமே போக வேண்டாம். உப்பு பட்டால் தாள்கள் திரண்டு உட்கார்ந்துவிடும்.

தவிக்கும்_குடுவை:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். 1.1 மி.லி. போட்டேன், மெதுவான ஷேக்கர். பத்தாம் நாளிலிருந்து கலங்கல் அடியில் இறங்கவே இல்லை. நீர்த்துப் பார்த்ததில் யுவியில் (புற ஊதா ஒளி உறிஞ்சல்) 265 நானோமீட்டரில் அழகான பீக். ஏஎஃப்எம்-மில் (நுண் ஊசியால் தடவி உயரம் அளக்கும் நுண்ணோக்கி) தடிமன் 1.2 நானோமீட்டர் வருகிறது. இரண்டு தாள் ஒட்டியிருக்கிறதோ? ஒரு துளியை உலர்த்தி எக்ஸ்ஆர்டி எடுத்தால் 5 டிகிரி பக்கம் பீக் வேறு திரும்பி வந்துவிட்டது.

அடுக்குக்காரி:
இரண்டுமே நல்ல செய்தி. தாள் 0.75 நானோமீட்டர்தான், மேலே ஒட்டிய நீரும் டிபிஏவும் சேர்ந்து ஏஎஃப்எம்-மில் 1.1, 1.2 என்று காட்டும். உலர்த்தினால் தாள்கள் டிபிஏவை நடுவில் வைத்துக்கொண்டு மறுபடி அடுக்காகிவிடும், 17.5 ஆங்ஸ்ட்ராம் இடைவெளிக்கு 5 டிகிரி சரிதான். பாட்டிலை இறுக மூடி வையுங்கள்.

தவிக்கும்_குடுவை:
நன்றி அக்கா. பாட்டிலில் 40 என்று சிவப்பு மார்க்கரில் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டேன். நோட்டிலும் திருத்திவிட்டேன்.