பேர் ஊர் கேட்காமல் செய்யும் உதவி: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து அனுபவங்கள்

முன்பின் தெரியாத ஒருத்தர் இன்னொருத்தருக்குக் கை கொடுப்பது நம் பக்கம் தினமும் நடக்கிறது. அதற்கும் ஒரு பக்குவம் இருக்கிறது. எப்படிச் செய்தால் வாங்குகிறவருக்குக் கூச்சம் வராது, எங்கே தப்பிப்போகிறது என்று தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.

பாலக்கோட்டிலிருந்து

சித்திரை வெயிலுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள் பானை வாங்குவதற்கு முன்னால் தண்ணீரை யோசிக்க வேண்டும். நம் மாவட்டத்தில் பல ஊர்களில் போர்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அது குடிக்க ஆகாது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். அதனால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் குழாயில் பிடித்து ஊற்றுங்கள். பக்கத்தில் போர் இருக்கிறதே என்று மோட்டாரைப் போடாதீர்கள்.

புதுப் பானையை ஒரு ராத்திரி ஊறப்போட வேண்டும். ஈர மணல் பரப்பி அதன்மேல் பானையை வைத்து, நனைத்த சாக்கைச் சுற்றிவிடுங்கள். அழகுக்கு என்று பெயின்ட் அடித்தால் பானையில் கசிவு நின்றுபோகும், குளிர்ச்சியும் அதோடு போய்விடும். மோர் என்றால் 1 லிட்டர் தயிருக்கு 4 லிட்டர் தண்ணீர், உப்பு, தட்டிய இஞ்சி, கறிவேப்பிலை. மொத்தத்தையும் காலையிலேயே கரைத்தால் மதியத்துக்குள் புளித்துவிடும். இரண்டு தடவையாகக் கரையுங்கள்.

ஆளாளுக்கு டம்ளரைப் பானைக்குள் விடாமல், ஒருத்தர் நின்று மொண்டு ஊற்ற வேண்டும். சுத்தத்துக்காக மட்டும் சொல்லவில்லை. வயசானவர்கள் இரண்டாவது டம்ளரை வாய் திறந்து கேட்க மாட்டார்கள். "இன்னும் கொஞ்சம் குடிங்கம்மா" என்று சொல்ல அங்கே ஒரு ஆள் வேண்டும்.

போச்சம்பள்ளியிலிருந்து

ஞாயிற்றுக்கிழமைச் சந்தை முடிகிற நேரத்தில் வந்து பாருங்கள். "யப்பா, கொஞ்சம் தூக்கி விடு" என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். புளி மூட்டையோ ராகி மூட்டையோ, தலைக்கு ஏற்ற இரண்டு பேர் வேண்டும்.

பலரும் அவசரத்தில் ஒரு பக்கமாகத் தூக்கிவிடுகிறார்கள், மூட்டை சாய்ந்துவிடும். எதிரும் புதிருமாக நின்று, ஆளுக்கு ஒரு கையை அடிமூலைக்கும் ஒரு கையை மேல்மூலைக்கும் கொடுங்கள். முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கி, முதலில் இடுப்பு வரைக்கும், பிறகு நெஞ்சு வரைக்கும். சுமக்கிறவர் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு தலையைக் கொடுத்த பிறகும் கையை எடுக்கக் கூடாது. "ம், சரி" என்று அவரே சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் விட்டால் மொத்தப் பாரமும் கழுத்தில் ஒரே அடியாக இறங்கும், சுளுக்கிக்கொள்ளும். இறக்கிவைக்கவும் ஆள் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். பஸ் நிறுத்தத்தில் சுமையோடு நிற்கிறவர் கேட்பதற்கு முன்னாலேயே கிட்டப் போய்விடுங்கள்.

ஆள் நடமாட்டம் இல்லாத வழிகளில் இதற்காகத்தான் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். இரண்டு கல் நிறுத்தி, குறுக்கே ஒரு பலகைக் கல். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக நடுவது வழக்கம். சாலையை அகலப்படுத்தும்போது அதை வெறும் கல் என்று பிடுங்கிப் போடுவதைப் பார்த்தால் மனசு கனத்துவிடும்.

ஊத்தங்கரையிலிருந்து

டவுன் பஸ்ஸைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கூட்டத்தில் சில்லறை நாலு கை மாறிக் கண்டக்டரிடம் போகும், டிக்கெட்டும் மீதியும் அதே வழியில் திரும்பி வரும். காசைக் கொடுக்கும்போதே ஊர் பேரையும் எத்தனை டிக்கெட் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் இருப்பவர் தடுமாறிப்போவார். சில்லறை இல்லாதபோது கண்டக்டர் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நோட்டாகக் கொடுத்து, "பிரிச்சுக்கோங்க" என்பார். அப்போது முதலில் இறங்குகிறவரிடம் நோட்டு இருக்க வேண்டாம். உட்கார்ந்திருப்பவர் நிற்கிறவரின் பையை மடியில் வாங்கினால், இறங்குவதற்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே குரல் கொடுத்துத் திருப்பித் தர வேண்டும்.

தொப்பூரிலிருந்து

கணவாயைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் பக்கம்தான் பயம். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் மொத்த எடையும் பிரேக்கில்தான் விழும். டிரம் சூடேறிப் புகையும், அப்புறம் பிரேக் பிடிக்காது. புகையோடு ஓரங்கட்டிய லாரியைப் பார்த்து வாளித் தண்ணீரோடு ஓடாதீர்கள். கொதிக்கிற டிரம்மில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். தானாக ஆறட்டும்.

விபத்து என்றால் 108. "தொப்பூர்ல" என்று மட்டும் சொன்னால் வண்டி எதிர்ப் பக்கத்துச் சாலைக்குப் போய்விடும். இறங்கும் பக்கமா ஏறும் பக்கமா, கிலோமீட்டர் கல்லில் என்ன எண், எத்தனை பேருக்கு அடி, இது மூன்றையும் சொல்லுங்கள். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். கழுத்தையும் முதுகையும் அசைக்க வேண்டாம்.

பாலக்கோட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை: பந்தலில் கொடுக்கிற தண்ணீரை இங்கே கொடுக்காதீர்கள். மயங்கியவருக்கு மூச்சுக்குழலில் இறங்கிவிடும், அறுவை சிகிச்சைக்கும் வெறும் வயிறுதான் நல்லது. உதட்டை நனைத்தால் போதும்.

போலீஸ் கேஸுக்குப் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவி செய்தவரைக் காக்கிறது. பேர் சொல்வதும் அவர் விருப்பம்தான். 2021இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டாம்.

இந்த ரோட்டில் அடிபடுகிறவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். கன்னடத்தில் "ஹெதரபேடி", தெலுங்கில் "பயப்படொத்து", இந்தியில் "டரோ மத்". மூன்றுக்கும் பயப்படாதே என்றுதான் அர்த்தம். கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்லிக்கொண்டே இருங்கள். வீட்டுக்குப் போன் போட்டால் முதலில் எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லுங்கள். போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ஓசூரிலிருந்து

தொப்பூர்க்காரர் விட்ட ஒன்று. வண்டி பழுதாகி நின்றால் பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய கல்லும் தழையும் வைப்போம். வளைவு என்றால் வளைவுக்கு முன்னாலேயே வைக்க வேண்டும். வண்டியைச் சரிசெய்து கிளம்புகிறவர் கல்லை அப்படியே விட்டுவிடுவார். ராத்திரி பைக்கில் வருகிறவர் அதில் ஏறி விழுவார். அந்த வழியாகப் போகிறவர் யாராக இருந்தாலும், வண்டி இல்லாமல் கல் மட்டும் கிடந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு அதை உருட்டித் தள்ளிவிட்டுப் போங்கள்.