பின்கட்டுச் சாய்ப்புக்கு இரும்பா, அலுமினியமா?

மோல்மேனிலிருந்து:
பாத்திரம் கழுவவும் மோட்டார் சைக்கிள் நிறுத்தவும் வீட்டுக்குப் பின்னால் 12க்கு 10 அடியில் சாய்ப்பு இறக்கியிருந்தேன். சாதாரண இரும்புப் பைப், துருவைத் தடுக்க ரெட் ஆக்சைடு, அதன்மேல் பச்சைப் பெயின்ட். பர்மாவில் எங்கள் மோல்மேன் மழைதான் தெரியுமே. நான்காவது மழைக்காலத்தில் சாய்ப்பின் ஒரு காலைத் தட்டினேன், விரல் உள்ளே போனது! வெளியே பெயின்ட் அப்படியே இருக்கிறது. பைப்பின் மேல்வாயை மூடாமல் விட்டிருந்தேன். தண்ணீர் இறங்கி உள்ளிருந்தே அரித்திருக்கிறது. இப்போது பிரித்துப் போட வேண்டும். எல்லாரும் அலுமினியம் என்கிறார்கள். போட்டவர்கள் சொல்லுங்கள்.

ரங்கூனிலிருந்து:
அண்ணே, நான் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. துருப் பிடிக்கவில்லை, அது உண்மை. 2க்கு 4 அங்குலம், 2 மில்லிமீட்டர் கனத்தில் 12 அடிச் சட்டம் இரும்பில் 17 கிலோ வரும், அலுமினியத்தில் 6 கிலோகூட வராது. தனியாளாகத் தோளில் வைத்து ஏற்றினேன்.

ஏமாந்தது வேறு இடத்தில். இரும்புக்குப் போட்ட அதே அளவையே அலுமினியத்துக்கும் போட்டுவிட்டேன். அதே அளவு, அதே பாரம் என்றால் அலுமினியம் மூன்று மடங்கு வளையும். நடுவில் தொய்ந்து, தகரத்தின்மேல் குளம் கட்டியது. 4 அங்குல உயரத்துக்குப் பதில் 6 அங்குலம் வாங்கியிருந்தால் கிட்டத்தட்ட இரும்பின் விறைப்பு வந்திருக்கும். அப்புறம் பார்த்தால் விலையில் பெரிய லாபம் இல்லை.

இரும்பு போல்ட்டும் போடாதீர்கள். ஈரத்தில் இரண்டு உலோகமும் ஒட்டியிருந்தால் அலுமினியம்தான் கரையும். என் துளைகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்துவிட்டது. ஸ்டெயின்லெஸ் போல்ட், நடுவில் நைலான் வாஷர் என்று மாற்றினேன். சாய்ப்பின் காலை ஈரச் சிமென்ட்டில் நேராகப் புதைப்பதும் ஆகாது, அதன் காரம் அரிக்கும். வெல்டிங் வைத்தால் சூடு பட்ட இடம் பலம் குறைந்துவிடும், போல்ட்தான் நல்லது.

ரங்கூனிலிருந்து, இன்னொருவர்:
தம்பி எடை குறைவென்று சந்தோஷப்படுகிறார். 2008 மே மாதம் நர்கீஸ் புயல் அடித்த ராத்திரி எங்கள் தெருவில் இருந்தவர்களைக் கேட்டால் தெரியும். காற்று கூரையைக் கீழே அமுக்குவதில்லை, மேலே தூக்கும். சாய்ப்பு லேசாக இருந்தால் கால்களைக் கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் வைத்து இறுக்க வேண்டும். என் சொல் கேட்பதானால், உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஜிஐ பைப். வெல்டிங் வைத்த இடத்தில் மட்டும் பூச்சு எரிந்துபோகும். அங்கே துத்தநாகப் பெயின்ட் இரண்டு கை அடியுங்கள்.

மோல்மேனிலிருந்து:
சரி, கால்களும் பெரிய சட்டமும் ஜிஐ. மேல்வாய்க்கு மூடி, அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை. ஓரத்து மழைத்தடுப்புக்கு மட்டும் அலுமினியம், நைலான் வாஷரோடு. வெல்டர் வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். எந்த வெள்ளி என்று சொல்லவில்லை.