ஜே.என்.யூ-வில் ரஷ்யன் பி.ஏ.: மொழி மட்டும்தானா, இலக்கியமும் உண்டா?

வள்ளியூர்க்காரி:
என் மக பிளஸ் டூ, காமர்ஸ் குரூப். டெல்லி ஜே.என்.யூ-ல (ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) ரஷ்யன் பி.ஏ.தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கா. கூடங்குளத்துல வேலை பாக்குற ரஷ்யக்காரங்கள சின்ன வயசுல இருந்தே பாத்து வளர்ந்தவ. அவ தாத்தா சேத்து வச்ச சோவியத் புத்தகங்களையும் தமிழ்ல வாசிச்சு முடிச்சுட்டா. அவ அப்பா, "பேசக் கத்துக்க எதுக்கு டெல்லி?"ங்கிறாரு. இவளோ இலக்கியம் படிக்கணும்ங்கா. அங்க என்னதான் சொல்லித் தருவாங்க? படிச்சவங்க இருந்தா சொல்லுங்க.

மயிலாப்பூர் வாசு:
பேசக் கத்துக்கணும்னா சென்னை கஸ்தூரி ரங்கா ரோட்டுல இருக்கிற ரஷ்ய கலாச்சார மையத்துலயே வகுப்பு நடக்குது. பி.காம் சேர்த்துவிட்டு, கூடவே இதையும் படிக்கச் சொல்லுங்க. டிகிரியை மொழியில வாங்கி என்ன செய்ய?

கூடங்குளம் துபாஷி:
அக்கா, நான் நாகர்கோவில். ஜே.என்.யூ-ல ரஷ்யன் பி.ஏ., எம்.ஏ. முடிச்சுட்டு கொஞ்ச காலம் அணுமின் நிலையத்துல இன்டர்பிரட்டரா இருந்தேன். இப்ப வீட்ல இருந்தே மொழிபெயர்ப்பு வேலை.

வாசு சார் சொன்ன மையம் நல்ல இடம்தான். ஆனா ரெண்டும் வேற படிப்பு.

முதல் வருஷம் பாப்பாவுக்கு ஏமாத்தமா இருக்கும், இப்பவே சொல்லி வைங்க. இலக்கியத்துல கைவைக்க விடமாட்டாங்க. 33 எழுத்து, உச்சரிப்பு, அப்புறம் வேற்றுமை, வேற்றுமை, வேற்றுமை. ரஷ்யன்ல ஆறு வேற்றுமை. எங்க வகுப்புல வடக்கத்திப் பிள்ளைங்க தலையில கைவச்சு உக்காந்திருந்தப்ப, பத்தாம் வகுப்புத் தமிழ் இலக்கணத்துல எட்டு வேற்றுமையை மனப்பாடம் பண்ணி வந்த எனக்கு அது பெருசாத் தெரியல. என்னைக் கவுத்தது ஆண்பால், பெண்பால் விவகாரம்தான். நமக்கு உயிரில்லாத பொருள் எல்லாம் அஃறிணை, தீர்ந்துது. அவங்களுக்கு மேஜை ஆண், புத்தகம் பெண், ஜன்னல் ரெண்டும் இல்ல. அதுக்கேத்த மாதிரி முன்னால வர்ற பெயரடையும் மாறும்.

இலக்கியம், வரலாறு, பண்பாடு எல்லாம் மொழி கொஞ்சம் பிடிபட்ட பிறகுதான். ஆனா வரும்போது ஒண்ணோட ஒண்ணு பின்னித்தான் வரும். ரஷ்ய எழுத்தாளர் கோகோல் கதையில ஒரு குமாஸ்தா, புது மேலங்கிக்காகக் காசு சேப்பான். தமிழ்ல வாசிச்சப்ப 'பாவம், ஏழை'ன்னு மட்டும்தான் எனக்குத் தோணிச்சு. 1722-ல ரஷ்யப் பேரரசர் மகா பீட்டர் அரசு ஊழியர்களை 14 படிநிலையா அடுக்கிச் சட்டம் போட்டார். இவன் ஒன்பதாம் படி. எந்தப் படிக்காரரை எந்த மரியாதைச் சொல்லால விளிக்கணும்ங்கிறது வரை விதி இருந்துச்சு. அது தெரிஞ்ச பிறகு, மேலதிகாரி அவனை அதட்டுற இடத்தை ரஷ்யன்ல வாசிச்சப்பதான் அவன் ஏன் அப்படி நடுங்குறான்னு விளங்குச்சு. மேலதிகாரியோட ஒவ்வொரு வாக்கியத்துலயும் படிநிலை ஒலிக்கும்.

இது சோறு போடுமான்னு வாசு சார் கேப்பாரு. பம்பு, வால்வு, வெல்டிங் பத்தின சொல் எதுவும் எங்க பாடத்துல இல்ல, சைட்டுலதான் கத்துக்கிட்டேன், ஒவ்வொண்ணா நோட்டுல எழுதி. ஆனா மூத்த ரஷ்ய இன்ஜினியரைப் பேரோட அப்பா பேரையும் சேத்துத்தான் கூப்பிடணும், அவரா சொல்ற வரைக்கும் 'நீங்க'தான், 'நீ' கிடையாதுங்கிறதெல்லாம் நாவல் வாசிச்சே எனக்குப் பழகியிருந்துச்சு. கூட்டத்துல ரெண்டு பக்கமும் சூடாகும்போது இது ரொம்ப உதவும்.

மயிலாப்பூர் வாசு:
படிநிலை சமாச்சாரம் சுவாரஸ்யம்தான். ஆனாலும் ரஷ்யாவோட ஒப்பந்தம் இருக்கிற வரைக்கும்தானே அந்த வேலை?

கூடங்குளம் துபாஷி:
உண்மை சார். அரசியல் தும்மினா எங்களுக்குச் சளி பிடிக்கும். சோவியத் யூனியன் உடைஞ்சப்ப கூடங்குளம் திட்டமே வருஷக்கணக்கா கிடப்புல கிடந்துச்சு. அதனாலதான் ஜூனியர்களை ரஷ்யனோட இன்னொரு மொழியும் எடுக்கச் சொல்றேன்.

வள்ளியூர்க்காரி:
ரொம்ப நன்றிம்மா. இவளுக்கு ரஷ்யன்ல ஒரு எழுத்துகூடத் தெரியாது, இந்தியும் வராது. சேத்துக்குவாங்களா? செலவு எப்படி?

கூடங்குளம் துபாஷி:
ரஷ்யன் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல அக்கா, எழுத்துல இருந்துதான் ஆரம்பிப்பாங்க. 2022-ல இருந்து க்யூட் (CUET) தேர்வு, அதாவது பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு வழியாத்தான் சேர்க்கை. எந்தெந்தத் தாள் எழுதணும்னு அந்த வருஷத் தகவல் கையேட்டைப் பாத்தே விண்ணப்பம் போடுங்க. பழைய யூடியூப் வீடியோவை நம்பாதீங்க. கல்விக் கட்டணம் வருஷத்துக்குச் சில நூறு ரூபாய்தான், காசு கரையறது மெஸ் பில்லுலயும் ரயிலுலயும். இந்தி, காம்பஸ் பக்கத்துல இருக்கிற முனிர்கா கடைத்தெருவுல தானா வந்துரும். ராஜ்மா சலிச்சுப் போனா பக்கத்து ஆர்.கே.புரத்துல மலை மந்திர் முருகன் இருக்கார், அங்க போனா தமிழ் காதுல விழும்.

அப்புறம், தாத்தா புத்தகத்துல ரெண்டு மூணைக் கையோட கொண்டு போகச் சொல்லுங்க. மூலத்தைப் பக்கத்துல வச்சு வரிவரியா ஒப்பிட்டு வாசிக்கலாம். நான் அப்படித்தான் மொழிபெயர்க்கப் பழகினேன்.